மோட்டாரின் சத்தத்தை நான் நிறுத்தியபோது

மேனேஜரின் மேசையில், நான் பாதி குடித்து வைத்திருந்த தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், போர்மேன் அந்தச் செம்புக் காயிலைக் கொண்டுவந்து போட்டார். வைக்கவில்லை, போட்டார். கோப்பை குலுங்கித் தேநீர் சாசரில் சிந்தியது. எரிந்துபோன மோட்டாருக்குள்ளிருந்து அறுத்தெடுத்த காயில் அது. வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை.

“பாருங்க, இன்ஜினியரம்மா. காயில் முழுக்கக் கருகியிருந்தா நான் கட்டுனது சரியில்லன்னு நானே ஒத்துக்கிடுவேன். இதுல மொதல் மூணு சுத்துதான் போயிருக்கு. மிச்சமெல்லாம் நான் கட்டுன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. எப்படின்னு சொல்லுங்க.”

நான் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். “கம்பி தரமில்லீங்க சார். கட்டுன கையும் சரியில்லீங்க.”

காயிலைப் போட்டவர் சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரிகல் போர்மேன். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரத் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் டிரைவ்களை எங்கள் கம்பெனி தயாரித்தது. அந்தத் தொழிற்சாலையின் மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டிகள் எட்டு இருந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெரிய மின்விசிறி. அந்த எட்டு விசிறி மோட்டார்களுக்கும் டிரைவ் பொருத்தத்தான் நான் முதன்முதலில் மலையேறினேன்.

முதல் நாளே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவர் இருபது வருடமாகத் தன் கையால் கட்டிப் பராமரித்த பழைய ஸ்விட்ச் போர்டைக் கழற்றிவிட்டுத்தான் எங்கள் பெட்டிகளை வைக்க வேண்டியிருந்தது. கழற்றும்போது அவர் கைகட்டி நின்று பார்த்தார். ஒரு ஸ்பானர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. நான் கேள்வி கேட்டால், கூட இருந்த ஆளைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் நல்லேப்பிள்ளிக்காரி, எங்கள் ஊரில் சண்டை போடும்போதுகூட வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ வந்துவிடும். அவருடைய குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தது. “ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போடுதீங்க. மருவாதி வாயோட நின்னுபோவுது” என்றார். நான் விடவில்லை. தொழிலாளர்கள் சுற்றி நிற்கும்போதே, “நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். அவர் ஐடிஐ கூட முடிக்கவில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தே கேட்டேன்.

இந்த டிரைவ் என்ன செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது உள்ளே வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கிக்கொள்ளும். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். போடு, நிறுத்து, போடு, நிறுத்து என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான வெட்டுகள். எல்லாத் துண்டுக்கும் உயரம் ஒன்றுதான், அகலம்தான் மாறும். மெலிந்த துண்டுகளாகத் தொடங்கி, நடுவில் அகன்று, மறுபடி மெலிந்துபோகும். மோட்டாரின் காயில் இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று கரைத்து, மேலேறி இறங்கும் ஒரே சீரான அலையாக ஆக்கிக்கொள்கிறது. துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர். நொடிக்கு எத்தனை வெட்டு என்பதை நாம் தீர்மானிக்கலாம். குறைவாக வைத்தால் வெட்டின் ஓசை மோட்டாரின் இரும்பில் கீச்சென்று கேட்கும். கூட்டிவிட்டால் அந்த ஓசை காது எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மோட்டார் சத்தமில்லாமல் சுற்றும்.

நான் முதலில் நொடிக்கு இரண்டாயிரம் வெட்டு என்று வைத்தேன். எட்டு மோட்டாரும் ஒன்றாகக் கீச்சிட்டன. தொழிற்சாலைக்குள் இருந்தவர்கள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். சற்றுத் தள்ளி மேட்டில் இருந்த மேனேஜர் பங்களாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. மேனேஜர் கோட்டயத்துக்காரர், பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும்; தோட்டத்தில் எல்லாரும் அவரைத் தொரை என்பார்கள். “மேடம், ஈ சத்தம் ஒண்ணு நிறுத்தித் தரணும். வீட்டுல வைஃபுக்குத் தலைவலி. காதுல கொசு கேறிய போல” என்றார். எனக்கு அது ஒரு நிமிட வேலை. டிரைவின் பொத்தான்களை அழுத்தி இரண்டாயிரத்தைப் பன்னிரண்டாயிரமாக்கினேன். எட்டு மோட்டாரும் வாயடைத்துக்கொண்டன. மேனேஜர் கைதட்டியே விட்டார்.

போர்மேன் மட்டும் ஒரு மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். “சத்தம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

“எங்கயும் போகலீங்க. நம்ம காதுக்குக் கேக்காது, அவ்வளவுதான்.”

“மாடிக்கும் உங்க பெட்டிக்கும் நடுவுல நூறு மீட்டருக்கு மேல கேபிள் கெடக்கு. மோட்டாரு பழசு. பெட்டிய மோட்டாருக்குப் பக்கத்துல வைங்கன்னு சொன்னேன், தூசின்னீங்க. இப்ப என்னத்தையோ ஆறு மடங்காக்கிட்டீங்க. எனக்கு இது சரியாப் படல. லாக் புக்ல எழுதப் போறேன்.”

எழுதவும் செய்தார், தமிழில், மூன்று வரி. அதற்குக் கீழே நான் ஆங்கிலத்தில் ‘ஆதாரமற்ற ஆட்சேபம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்டார். நான் சொல்லாமல் ஜீப்பில் ஏறினேன்.

இரண்டு மாதத்தில் நான்கு மோட்டார்கள் எரிந்தன. விசிறி நின்றால் தொட்டியில் கிடக்கும் கொழுந்து தன் சூட்டிலேயே வெந்து சிவந்துபோகும். அந்தக் கொழுந்தில் நல்ல தூள் வராது. தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அன்றுதான் போர்மேன் அந்தக் காயிலைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டது. எரிந்த மோட்டார்கள் நான்கையும் அதற்கு முன் ஏதோ ஒரு காலத்தில் அவரே பட்டறையில் பிரித்து, புதுக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். குற்றம் சாட்ட எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, ரீவைண்டிங்கில் கம்பி தரமில்லை, கட்டிய கை சரியில்லை, டிரைவில் பழுதில்லை என்று ஒன்றரைப் பக்கம் அடித்துக் கொடுத்தேன். மேனேஜருக்கும் அது வசதியாக இருந்தது. சத்தத்தை நிறுத்தச் சொன்னது அவர் அல்லவா?

மறுநாள் காலை நான் கிளம்பும்போது தொழிற்சாலை வாசலில் வைத்து போர்மேனிடமிருந்து பட்டறைச் சாவியை வாங்கினார்கள். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழ் டிவிஷனில், ஓடையோரம் இருந்த பம்ப் ஹவுஸுக்கு அவரை மாற்றியிருந்தார்கள். போர்மேன் என்ற பெயர் போயிற்று. போர்மேனுக்கான குவார்ட்டர்ஸும் போயிற்று. மனைவியோடும் கல்லூரிக்குப் போகும் மகளோடும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயத்து வீடொன்றுக்குப் போக வேண்டும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. நான் அப்போது வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வருத்தப்படவில்லை. மறையூர் இறக்கத்தில் வண்டி வளைந்து வளைந்து போகும்போது, ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

எரிந்தவற்றுக்குப் பதிலாகக் கோயம்புத்தூரிலிருந்து நான்கு புத்தம்புது மோட்டார்கள் வந்தன. யார் கையும் பிரித்துக் கட்டாதவை. மழைக்காலம் முடிவதற்குள் அவற்றில் இரண்டு எரிந்தன. இந்த முறை மேனேஜர் போனில் கத்தவில்லை, “மேடம் ஒண்ணு வரணும்” என்று மட்டும் சொன்னார். மலையேறிப் போய் நானே ஒரு மோட்டாரைத் திறந்தேன். கேபிள் வந்து சேரும் முனையில் முதல் சில சுற்றுகள் மட்டும் கருகியிருந்தன. மிச்சமெல்லாம் பளபளவென்றிருந்தது.

அடுத்த வாரம் கம்பெனி லேபிலிருந்து, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாடியில் கொழுந்து வாடும் மணத்துக்கு நடுவே, ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரின் முனையில் அதை மாட்டினேன். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. திரையில் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. டிரைவிலிருந்து ஒழுங்கான உயரத்தில் கிளம்பும் ஒவ்வொரு துண்டும், நீளமான கேபிளில் ஓடி, மோட்டாரின் வாசலில் மோதித் திரும்பும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கு எகிறியது. வாய்க்காலில் வேகமாக வரும் தண்ணீர் மூடிய மதகில் மோதி எழும்புவதைப்போல. அந்த அடி முழுவதையும் வாங்குவது காயிலின் முதல் சுற்றுகள்தான். நொடிக்கு இரண்டாயிரம் அடியாக இருந்ததை நான் பன்னிரண்டாயிரமாக்கி வைத்திருந்தேன். லாக் புக்கில் அந்த மனிதர் எழுதியது கேபிளின் நீளத்தையும் மோட்டாரின் வயதையும் பற்றித்தான். அலைகாட்டி இல்லாமலேயே எழுதியிருந்தார்.

கம்பெனிக்குத் திரும்பி எங்கள் டிசைன் தலைவரிடம் படங்களைக் காட்டினேன். அவர் கல்பாத்திக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். “சோக் போட்டுடு. வெட்டை மூவாயிரத்துக்கு எறக்கிடு. அப்கிரேடுன்னு சொல்லிக்கோ” என்றார். முதலில் கொடுத்த அறிக்கையை என்ன செய்வது என்று கேட்டேன். “அதை ஏன் இப்போ கெளறறே? அது முடிஞ்ச கதைன்னா” என்றார்.

நான் கிளறவில்லை. ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு சோக், அதாவது துண்டுகளின் கூர்மையை மழுங்கடிக்கும் ஒரு கனத்த இரும்புச் சுருள், பொருத்திவிட்டு வெட்டைக் குறைத்தேன். கீச்சொலி முன்பைவிடச் சற்று மெலிதாகத் திரும்பியது. இந்த முறை பங்களாவிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. மோட்டார்கள் எரிவது நின்றது.

அன்று மாலை இறங்கும் வழியில் ஜீப்பை ஓடையோரம் நிறுத்தச் சொன்னேன். எதற்காக என்று எனக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இருந்ததாகப் பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அது உண்மையா என்று தெரியாது. அவர் பம்ப் ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து வால்வு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“சத்தம் திரும்பிட்டுல்லா” என்றார். “கீழ வரைக்கும் கேக்கு. அப்ப கொறச்சிட்டீங்க.”

“ஆமாங்க. சோக்கும் போட்டிருக்குதுங்க.”

“நான் கட்டுன மோட்டாரு எரிஞ்சதுக்கு என் கைதான் காரணம்னு எழுதுனீங்களே. புது மோட்டாரு எரிஞ்சதுக்கு யாரு கை?”

நான் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

“எழுதிக் குடுங்க. இங்கிலீசுல எழுதி என் சாவியப் புடுங்குனீங்க. தமிழ்ல எழுதித் திருப்பிக் குடுக்கணும்.”

“கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க” என்றேன்.

“அப்ப என்னத்துக்கு இங்க வந்தீங்க? நான் எப்படி இருக்கேன்னு பாத்துட்டுப் போவவா?” வால்வை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இறங்கி வந்த மனுஷியிடம் இப்படியா பேசுவார்கள் என்று வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அடுத்த ஐந்து மாதம் அந்தக் கோபமே எனக்குப் பாதுகாப்பாக இருந்தது.

அதைக் கலைத்தது எங்கள் ஊர்தான். பங்களாவில் சத்தம் நின்ற செய்தியைக் கேட்டு, எங்கள் விற்பனைப் பிரிவினர் பன்னிரண்டாயிரம் வெட்டையே எல்லா டிரைவுக்கும் பொது அளவாக்கிவிட்டிருந்தார்கள். ‘சத்தமில்லா டிரைவ்’ என்று நோட்டீஸ்கூட அடித்தார்கள். என் அறிக்கை பழுதில்லை என்று சொன்ன பிறகு அவர்களைத் தடுக்க ஒன்றுமில்லை. அந்த டிரைவ் ஒன்று நல்லேப்பிள்ளியில் எங்கள் பெரியப்பாவின் போர்வெல்லுக்கும் வந்தது, நான் சொல்லித்தான். போர்வெல் மோட்டார் பூமிக்குள் இருக்கிறது. கேபிள் ஆழம் முழுவதும் இறங்கிப் போகிறது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் எரிந்தது. கம்பெனியிலிருந்து வேறொரு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் போனபோது வயலில் விரிசல் விழுந்திருந்தது.

“மோட்டாரு கட்டுனவன் மோசம் பண்ணிப்போட்டான் கண்ணு” என்றார் பெரியப்பா. “கம்பெனிக்காரரு சொல்லிப்போட்டாருல்ல, கம்பி தரமில்ல, கட்டுன கை சரியில்லன்னு. பத்து வருசமா அவங்கிட்டத்தான் கட்டறேன். நேத்து கடைக்கே போயி நாலு பேரு முன்னால கேட்டுப்போட்டேன். தலையக் குனிஞ்சுட்டு நின்னான்.”

கம்பி தரமில்லை, கட்டிய கை சரியில்லை. என் வாக்கியம் அப்படியே, ஒரு சொல் மாறாமல், பெரியப்பாவின் வாயிலிருந்து வந்தது. எல்லா இன்ஜினியர்களுக்கும் அனுப்பிய மாதிரி அறிக்கையில் அது சேர்ந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் பெரியப்பாவிடம் தப்பு எங்கள் டிரைவில்தான் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரிஞ்சுமா எனக்கு வாங்கிக் குடுத்த?” என்று கேட்டார். வாங்கிக்கொடுத்தபோதே எனக்குத் தெரியும். சோக் போட்டுவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு டிரைவில் யாராவது அளவைக் குறைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், கேட்டுப் பார்க்கவில்லை. பெரியப்பா அந்த ரீவைண்டிங்காரரின் கடைக்கு மறுபடி போனார். என்னிடம் வெகு நாள் பேசவில்லை.

அதன் பிறகுதான் தமிழில் எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளானது. வெட்டு, துண்டு, மோதித் திரும்பும் அலை என்று ஒவ்வொன்றுக்கும் சொல் தேட வேண்டியிருந்தது. அலைகாட்டிப் படங்களையும் சேர்த்து ஐந்து பக்கம். ஒரு பிரதியைத் தோட்டத்துக்கும் ஒன்றை டிசைன் தலைவருக்கும் அனுப்பினேன். அவர் அப்போதும் குரல் உயர்த்தவில்லை. “நீ இனிமே சைட்டுக்கெல்லாம் போக வேண்டாம்” என்றார். அடுத்த மாதம் நானே விலகினேன். ஆனால் எல்லா டிரைவிலும் பொது அளவு மூவாயிரத்துக்கு இறங்கியது. அவர்களால் அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை.

விலகுவதற்கு முன் ஒருமுறை, என் சொந்தச் செலவில், பஸ் பிடித்து அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். மேனேஜர் அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தார். போர்மேனை வரச் சொல்லச் சொன்னேன். அவர் பம்ப் ஹவுஸிலிருந்து நனைந்த காலோடு வந்து, உட்காராமல், நின்றபடியே ஐந்து பக்கத்தையும் படித்தார். படங்களைப் பார்த்தபோது மட்டும் விரல் ஓரிடத்தில் நின்றது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை எனக்குத் திருப்பிக் காட்டினார்.

“‘இரு தரப்பிலும் புரிதல் குறைவாக இருந்தது.’ இது என்னது? எனக்கு என்ன புரியல?”

அந்த வரியை ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். மொத்தப் பழியையும் தனியாகச் சுமக்க மனம் வரவில்லை. மேனேஜர் சமாதானமாக ஏதோ சொல்ல வந்தார். போர்மேன் அவர் பக்கம் திரும்பவில்லை.

“அத அடிங்க” என்றார்.

அடித்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “எட்டு மாசமா என் மக காலேசுல, எங்கப்பா போர்மேன்னு சொல்லாம இருந்திருக்கா. அத எதுல எழுதுவீங்க?” என்று கேட்டார். பிறகு மேனேஜரிடம் சாவிக்காகக் கை நீட்டினார். அந்த வாரமே குவார்ட்டர்ஸும் திரும்பக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “இனி இந்தப் பேக்டரிக்கு நீங்க வர வேண்டாம். ஆளு வேணும்னா வேற ஆள அனுப்பச் சொல்லுங்க.”

இப்போது நான் கோயம்புத்தூரில் எலக்ட்ரீஷியன்களுக்கு டிரைவ் பற்றி வகுப்பெடுக்கிறேன். அவரை எனக்கு இன்றும் பிடிக்காது. பிடிக்காதவர் சொன்னது என்பதற்காக ஒரு சரியான விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். அது தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை, அதை என்னால் மாற்ற முடியவில்லை. வகுப்புக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதியிருக்கிறேன். அந்தத் தோட்டத்துப் புது எலக்ட்ரீஷியனும் சென்ற முறை வந்து படித்துவிட்டுப் போனார். போர்மேன் ஓய்வுபெற்றுத் தென்காசிப் பக்கம் போய்விட்டதாக அவர்தான் சொன்னார்.

போன மாதம் காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. குரலை உடனே தெரிந்துகொண்டேன்.

“உங்க புஸ்தகத்த அந்தப் பய கொண்டாந்து காட்டுனான். ஒம்பதாம் பக்கத்துல சோக்க மோட்டாரு முனையில மாட்டணும்னு போட்டிருக்கீங்க. பெட்டி பக்கத்துல மாட்டணும். அலை கேபிள்ல கெளம்புததுக்கு முன்னாலயே மழுங்கணும்லா. தப்பா படிச்சிட்டுப் போயி எவனாவது எரிப்பான். திருத்துங்க.”

நான் பேசுவதற்குள் வைத்துவிட்டார். கையேட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். படத்தில் சோக் மோட்டார் பக்கம்தான் இருந்தது. அவர் சொன்னது சரி. திருத்தினேன்.